நேர நோட்டு

ஆக்ஸிலியா அக்காவின் கைக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர் அவள் வீட்டுக்காரர் மரியசெல்வம் அண்ணன்தான். தேதி போட்டு, நிமிஷம் போட்டு, நீலப் பேனாவில் எழுதியே வைத்திருந்தார். நோய் என்று தெரியாமல் ‘வீண்’ என்று தலைப்புப் போட்ட கட்டத்தில் எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான். பழியை அவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். முடியவில்லை. அதே நோட்டில் என் பொய்யும் இருக்கிறது.

நாயுடுபுரத்தில் மேல்ரோட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டுச் சந்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட நீள ஷெட், அதுதான் லாண்டரி. முப்பது காட்டேஜ்களில் டூரிஸ்ட்டுகள் படுத்து எழுந்த பெட்ஷீட்டும் தலையணை உறையும் துண்டும் அங்கேதான் வரும். கூலிக்கு வருகிற செலினா துவைப்பாள். அக்கா தேய்ப்பாள். கிழிந்து வந்ததை நான் தைப்பேன். என் பெயர் ரஹ்மத்துன்னிசா. வீட்டுக்காரர் மௌத்தான பிறகு தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த ஷெட்டின் மூலையில் போட்டுக்கொண்டவள். ஒன்பது வருஷம் ஆகிறது. ஒருநாளும் அவர்கள் என்னை வெளியாளாக நடத்தியதில்லை.

கொடைக்கானலில் துவைப்பது பெரிய வேலை இல்லை. காயவைப்பதுதான் வேலை. வெயில் பத்து மணிக்கு எட்டிப் பார்க்கும். ஒரு மணிக்குப் பள்ளத்திலிருந்து மஞ்சு மூடுபனியாக ஏறி வந்துவிடும். அதற்குள் சரிவில் கட்டியிருக்கிற பதினாறு கொடியிலும் விரித்து, திருப்பிப் போட்டு, அள்ளிக்கொண்டு ஓடிவர வேண்டும். சாரல் பிடித்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கட்டன் டீ குடிப்போம், பட்டர்பீன்ஸ் உரிப்போம், ஊர்க்கதை பேசுவோம். வெயில் எப்போது வரும் என்று அக்கா வாசலில் தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பாள். பதினெட்டு வருஷம் தொழில் இப்படித்தான் ஓடியது. கொழிக்கவுமில்லை, பட்டினி போடவுமில்லை.

போன வருஷக் கடைசியில் ஏரிக்கு மேலே புதிதாக ஒரு ரிசார்ட் திறந்தார்கள். நாற்பது ரூம். அதன் மேனேஜர் கோகுல் ஷெட்டுக்கே வந்து பார்த்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கு எடுத்தால் மறுநாள் பன்னிரண்டுக்குள் தேய்த்து மடித்துத் திருப்பித் தர வேண்டும். முடியுமென்றால் சீசனிலிருந்து முழு ஆர்டரும் உங்களுக்கு, முடியாவிட்டால் கீழே மதுரைக்கு அனுப்பிக்கொள்கிறோம் என்றான். அண்ணனுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. யாரோ சொல்லி, ஜனவரியில் திண்டுக்கல்லுக்குப் போய் இரண்டு நாள் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். முதலாளிகள் நேரத்தை எங்கெங்கே தொலைக்கிறார்கள், அதை எப்படி மிச்சம் பிடிப்பது என்று கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம்.

திரும்பி வந்த அன்று கையில் ஒரு நீள நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். பெயர், வேலை, ஆரம்பம், முடிவு, வீண்.

“இத்தன வருசமா நம்ம எங்க தோத்தோம்னு இப்பத்தான் தெரிஞ்சது,” என்றார்.

“எங்கங்க தோத்தோம்?” அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இந்தா, இங்கதான். பெட்டிய நிறுத்திட்டு எங்கிட்டப் பேசுற பாரு, இங்கதான்.”

செலினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்ப நீங்க வாயத் தொறக்காம இருந்தா பாதி மிச்சமாயிருமேண்ணே.”

அவரும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதையும் சொல்லிவிட வேண்டும். நோட்டில் முதல் பக்கம் முழுக்கத் தன்னைப் பற்றித்தான் எழுதினார். பஜாரில் சேக் பரீது பாய் கடையில் நின்று பேசுவது நாற்பது நிமிஷம், போனில் வீடியோ பார்ப்பது ஒரு மணி பத்து நிமிஷம் என்று தன் குற்றத்தைத் தானே எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து பாய் கடைப்பக்கம் போகவில்லை. போனில் ஸ்டாப்வாட்ச் தவிர வேறு எதையும் தொடவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து பாய்லரை மூட்டினார். ஒரு மனிதன் இவ்வளவு சுத்தமாகத் திருந்துவதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

பிறகு எங்களை அளந்தார். செலினா ஒரு ஈடு துவைத்துப் பிழிய எவ்வளவு, நான் ஒரு கிழிசலை மூட எவ்வளவு, அக்கா ஒரு டபுள் பெட்ஷீட்டைத் தேய்க்க எவ்வளவு. அக்காதான் எங்கள் மூவரில் கெட்டிக்காரி. இரண்டரை நிமிஷம். பெட்டி போன பாதையில் ஒரு சுருக்கம் நிற்காது. காலேஜில் படிக்கிற பிள்ளையின் மார்க்கைப் போல அண்ணன் அந்த இரண்டரையைக் கோகுலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அந்த மாதம் இங்கே யாருக்குத்தான் விரல் விறைக்காது? அக்கா பெட்டியின் மேல் கையைக் காட்டிக் காட்டிச் சூடேற்றிக்கொண்டாள். யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்தாள். நோட்டில் இரண்டரை மூன்றாயிற்று. மார்ச்சில் மூன்றே முக்கால்.

“போன வாரம் மூணு. இந்த வாரம் மூணே முக்கா. என்னாச்சு ஒனக்கு?”

“குளிருல வெறச்சுப் போயிக் கெடக்குங்க. வெரலு மடங்க மாட்டேங்குது.”

“குளிரு ஒனக்கு மட்டுமா அடிக்குது? செலினா பச்சத்தண்ணில நிக்கிறா. அவளுக்கு நிமிஷம் ஏறலயே?”

“நான் என்னத்தங்க செய்ய?”

“மனசு வேலையில இல்ல. நீ சோலி பாக்கயில வெயில் வருதா, மஞ்சு வருதான்னு வாசலையே பாக்குற. வெயிலு வந்தா அது பாட்டுக்கு வரும். ஒன் சோலிய நீ பாரு.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பேனாவை எடுத்து வீண் என்ற கட்டத்தில் ஒன்றேகால் என்று எழுதினார். அந்த வாரத்திலிருந்து அவள் வாசலைப் பார்க்கவில்லை. நிமிஷம் மட்டும் குறையவே இல்லை.

எங்களுக்குத் தெரியாமல் இல்லை. காலையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்ட முடியாமல் என் வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்பாள். “ரஹ்மத்து, இத மாட்டி விடுத்தா,” என்பாள். அண்ணன் வெள்ளனே பாய்லருக்குப் போய்விடுவதால் அவருக்கு இது தெரியாது. நான் மாட்டிவிடுவேன். குளிர் விட்டதும் சரியாகிவிடும் என்று இருவரும் சொல்லிக்கொள்வோம். கோயிலில் இத்தனை காலம் நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தவள் இப்போது நாக்கில் வாங்குகிறாள் என்று செலினா சொன்னாள். “ஈஸ்டருக்கு முந்துன தபசு காலம்ல, அதான் பக்தி கூடிப்போச்சு,” என்று அவளே காரணமும் சொன்னாள். கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் ஒருத்தி வாயைத் திறந்து நின்றிருக்கிறாள். அதைப் பக்தி என்று பேசிக்கொண்டிருந்தோம் நாங்கள். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏப்ரலில் வெயில் வந்தது. குளிர் போயிற்று. அக்காவின் விரல் மடங்கவில்லை. ரிசார்ட் ஆர்டர் தொடங்கி ஒரு வாரத்தில் இரண்டு தடவை லோடு தாமதமாகப் போய்க் கோகுல் போனில் கத்தினான். அன்று சாப்பாட்டு நேரத்தில், கருவாட்டுக் குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டே அண்ணன் சொன்னார்.

“வடகவுஞ்சியில ஒரு பிள்ள இருக்காம். நல்லாத் தேய்க்குமாம். வரச் சொல்லிறவா?”

“அப்ப நான்?”

“நீ கொஞ்ச நாள் பில்லுப் புத்தகத்தப் பாத்துக்க. ஓரமா உக்காரு.”

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் சோற்றைப் பிசைந்தாள். பிசைகிற மாதிரி விரலை அசைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் அவர் பிக்கப்பை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போனதும் பெட்டியை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டாள்.

“ஏத்தா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. இந்த சீசன் மட்டும். என் அடுக்குல நாலஞ்சு பெட்சீட்டு கூட வெச்சிருங்க. கணக்குல இறங்குனா அவரு என்னய உக்கார வெச்சிருவாரு. பதினெட்டு வருசமா நின்ன எடம் இது.”

“டாக்டர்ட்ட காட்டுவமாக்கா?” என்று நான் கேட்டேன். ஒரே ஒரு தடவை கேட்டேன்.

“சீசன் முடியட்டும். இப்ப நான் ஆஸ்பத்திரியில போயி உக்காந்தா அதுக்கும் ஒரு நாள் வீண்னு எழுதுவாரு. அரும்பாடு பட்டுப் பிடிச்ச ஆர்டரு, என்னால போயிறக் கூடாது.”

நாங்கள் ஒத்துக்கொண்டோம். பத்து மணிக்கு அண்ணன் கிளம்பினால் ஒரு மணிக்குத்தான் வருவார். அந்த மூன்று மணி நேரமும் செலினா கொடியில் விரித்துவிட்டு ஓடிவந்து இரண்டாவது பெட்டியில் தேய்ப்பாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு மடிப்பேன். தேய்த்து மடித்ததெல்லாம் அக்காவின் அடுக்கில் போய் உட்காரும். வந்ததும் அவர் அடுக்கை எண்ணுவார், நேரத்தால் வகுப்பார், எழுதுவார். நாலு நிமிஷம் மூன்றாயிற்று. மே இரண்டாவது வாரத்தில் திரும்பவும் இரண்டரை. செலினாவின் கணக்கும் என் கணக்கும் சரிந்தன. எங்கள் பெயருக்கு நேரே வீண் கட்டம் நிரம்பியது. திட்டு வாங்கினோம். வாங்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். பெரிய தியாகம் செய்கிற நினைப்பு எங்களுக்கு.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, ‘இந்த வாரம் முதலிடம்: ஆக்ஸிலியா’ என்று எழுதினார். ஒரு கேக்கும் வாங்கி வந்தார். மேலே அவள் பெயர்.

“பாத்தியா? அளந்ததாலதான இது தெரிஞ்சது? நான் பாட்டுக்கு ஒன்ன உக்கார வெச்சிருப்பேன். வெட்டு வெட்டு.”

அக்கா கத்தியைப் பிடித்தாள். கத்தி அவள் கையில் நிற்கவில்லை. நான் விளையாட்டுக்குப் பிடிக்கிற மாதிரி அவள் கைமேல் என் கையை வைத்து அழுத்தி வெட்டினேன். அவள் கை கனமாக, யாருடைய கையோ போல இருந்தது. அண்ணன் கைதட்டினார். முதல் துண்டை அவளுக்கு ஊட்டினார். அவள் கண் கலங்கியதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

ஜூன் முதல் வாரம், சீசன் கூட்டம் வடிகிற நேரம், துணி மூட்டையோடு சந்துப் படியில் ஏறிய அக்கா விழுந்தாள். வழுக்கவில்லை, இடறவில்லை. கால் மடங்கி அப்படியே உட்கார்ந்து உருண்டாள். ஊர் ஆஸ்பத்திரியில் முழங்காலில் தட்டிப் பார்த்த டாக்டர், நேராக மதுரைக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று அக்கா என்னைக் கூட்டிக்கொண்டாள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். சுசித்ரா என்று ஒரு டாக்டரம்மா. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை நெரிக்கிறது, கைக்கும் காலுக்கும் போகிற நரம்பு அதில்தான் போகிறது என்று விளக்கினார்.

“கை எப்பருந்து இப்படி இருக்கு? சுமாரா சொன்னாப் போதும்.”

அண்ணன் மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பஸ்ஸில் வரும்போது அடுத்த மாத வேலையைப் பிரித்துப் போடலாம் என்று எடுத்து வந்திருந்தார். டாக்டரம்மா பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம்தான்.

“இவ்வளவு துல்லியமா எந்தப் பேஷன்ட்டும் எனக்குக் கொண்டு வந்து காட்டினதில்ல. பிப்ரவரி அஞ்சாந்தேதியிலருந்து ஏறிக்கிட்டே போகுது. மார்ச்சுல நல்லாத் தெரியுது. ஏப்ரல்ல நாலு நிமிஷம்.” அடுத்த பக்கத்தில் விரல் நின்றது. “மே மாசம் திரும்ப நல்லா ஆயிருக்கே? எப்படி? இது தானா நல்லாகிற வியாதி இல்லையே.”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மே மாசம் அவ நல்லாத்தான் டாக்டர் இருந்தா. பர்ஸ்ட்டு வந்தா.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

“அது அவங்க தேய்ச்சதில்லம்மா,” என்றேன். “செலினா தேய்ச்சு, நான் மடிச்சு வெச்சது.”

டாக்டரம்மா நோட்டை மூடி மெதுவாக அவர் பக்கம் தள்ளினார்.

“மார்ச்சுல வந்திருந்தா கையக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப ஆபரேஷன் பண்ணினா இதுக்கு மேல மோசமாகாமப் பாக்கலாம். போனது திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். நடக்கிறது கொஞ்சம் தேறும். கை சந்தேகம்தான்.”

“தேய்ச்சதாலயா டாக்டர்? மூட்டை தூக்குனதாலயா?” என்று அண்ணன் கேட்டார்.

“அப்படிச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் எலும்பு தேயும். இவங்களுக்கு இடுக்கிடுச்சு. தெரிஞ்ச அன்னைக்கு வந்திருக்கணும், அவ்வளவுதான்.”

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்வரை அண்ணன் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது மடியிலிருந்த நோட்டைத் திறந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தன சீட்டும்மா நீங்க வெச்சீங்க?”

“முப்பது இருக்கும்ணே. சில நாளு நாப்பது.”

“மே பத்தாந்தேதி?”

“எனக்கு எப்படிண்ணே ஞாபகம் இருக்கும்?”

“ரோசிச்சுப் பாரு. அன்னைக்கு நூத்திப் பத்து சீட்டுன்னு எழுதிருக்கேன். அதுல அவ தேய்ச்சது எத்தன?”

“கணக்குப் பாத்து இப்ப என்னண்ணே ஆகப் போகுது?”

“எனக்குத் தெரியணும்.” சத்தமாகவே சொன்னார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “அவ கையி எவ்வளவு கெட்டுப் போயிருந்ததுன்னு எனக்குத் தெரியணும். நான் கேக்கு வாங்கிட்டு வந்து வெட்டு வெட்டுன்னேனே, அன்னைக்கு அவ கையில எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?”

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அன்று அவள் எழுபதுகூடத் தேய்க்கவில்லை என்று சொன்னேன். அவர் நூற்றுப் பத்தை அடித்துவிட்டு எழுபது என்று எழுதினார். பஸ் குலுக்கலில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

ஜூனிலேயே ஆபரேஷன் முடிந்தது. ரிசார்ட் ஆர்டர் மதுரைக்குப் போய்விட்டது. கோகுல் வந்து, மேலிடத்து முடிவு என்று சொல்லி வருத்தப்பட்டுவிட்டுப் போனான். வடகவுஞ்சிப் பெண் இப்போது தேய்க்கிறாள். பழைய காட்டேஜ் துணிக்கு அவள் ஒருத்தி போதும். அக்கா கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறாள். சோறு அண்ணன்தான் ஊட்டுகிறார். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ரசத்தில் பூண்டை நசுக்கிப் போட்டு, ஊதி ஊதி, ஒரு கிண்ணச் சோற்றை முக்கால் மணி நேரம் ஊட்டுவார். பாய் கடைக்கு மட்டும் அவர் திரும்பப் போகவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில், பத்து வினாடிக்குள் எத்தனை தடவை கையை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணி எழுத வேண்டும். நல்ல கை இருபதுக்கு மேல் செய்யும் என்றார்கள். செப்டம்பர் செக்கப்பில் அக்காவுக்குப் பத்து. அடுத்த செக்கப்புக்குத் தாளைக் கொண்டு வரச் சொன்னார்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. கொடிகள் காலியாகக் கிடந்தன. ஒரு நாள் காலையில் நான் அக்காவுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் போனை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“ஆரம்பி.”

அக்கா வலது கையை மூடினாள். திறந்தாள். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மனமில்லாமல் வந்தன. நானும் மனதுக்குள் எண்ணினேன். போன் ஒலித்தது.

“பதிமூணு,” என்றார் அண்ணன். தாளில் எழுதினார். “முந்தாநாளு பதினொண்ணு, நேத்துப் பன்னெண்டு, இன்னைக்குப் பதிமூணு. ஏறுது பாத்தியா?”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஒம்பதுங்க.”

“இல்லல்ல. நான் எண்ணுனேனே.”

“மூடித் தெறக்குறது நாந்தான? எனக்குத் தெரியாதா? நேத்தும் ஒம்பதுதான். முந்தாநாளு பத்து.”

“ஒரு ரெண்டு மூணு கூடக் கொறைய இருந்தா என்ன இப்ப? மனசுக்குத் தெம்பா இருக்கட்டும்னுதான்…”

“நானும் அப்படித்தான் நெனச்சு இவளுகளத் தேய்க்கச் சொன்னேன்.” அவள் குரலில் கோபமே இல்லை. “பதிமூணுன்னு பாத்தா டாக்டரம்மா நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பிரும். அடிச்சிட்டு ஒம்பதுன்னு எழுதுங்க. இந்த மாசம் எழுதுனது எல்லாத்தையும் திருத்துங்க. நான் சொல்லுறேன்.”

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லேன் என்பது போல. நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பேனாவைத் திறந்தார். அக்கா ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொல்ல அடித்து எழுதினார். பத்து, பத்து, பத்து, ஒன்பது, ஒன்பது. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் சில நாளை அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் எட்டு. எட்டு என்றே எழுதினார்.